ஊட்டியின் பழைய ஓட்டு வீட்டுக்கு எது சூடு தரும்: ஹீட்டரா, கணப்பா, ஏ.சி.யா, அடைப்பு வேலையா?

நீலகிரியில் பழைய வீட்டை வாங்கியவர்களும் வாடகைக்கு எடுத்தவர்களும் நவம்பர் கடைசியில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எந்த ஹீட்டர் வாங்கலாம்?" வாங்கியும் விடுகிறார்கள். ஜனவரியில் இரண்டாவது ஹீட்டரும் வருகிறது. அப்போதும் கால் ஜில்லென்றுதான் இருக்கிறது, கரண்ட் பில் மட்டும் சுடுகிறது.

இந்த வீடுகள் குளிரை மனதில் வைத்துக் கட்டப்பட்டவைதான். ஆனால் எல்லா அறையிலும் கணப்பு எரிய, விறகு சுமக்க ஆள் இருந்த காலத்து ஏற்பாடு அது. ஒன்றரை அடிக் கல் சுவர், மங்களூர் ஓடு அல்லது தகரக் கூரை, அதன் கீழே பலகை சீலிங், ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், 11 அல்லது 12 அடி உயர அறை. கணப்பு அணைந்துவிட்டால் இதில் எந்தப் பகுதியும் சூட்டைப் பிடித்து வைக்காது.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதலில் ஊட்டிக் குளிரின் சுபாவம். ஊர் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பகலில் நல்ல வெயில், 18 முதல் 20 டிகிரி. சூரியன் இறங்கியதும் சரசரவென விழுந்து, விடியலுக்குள் ஐந்தாறு டிகிரிக்கு வந்துவிடும். தலைகுந்தா, காந்தல் போன்ற பள்ளமான இடங்களில் உறைபனியே விழும். ஆகவே ஐரோப்பிய வீடு மாதிரி 24 மணி நேரமும் சூடாக்க வேண்டிய தேவை இங்கே இல்லை. மாலை 6 முதல் இரவு 11 வரை ஒரு அறை, பிறகு படுக்கை, காலையில் ஒரு மணி நேரம். இதுதான் உண்மையான தேவை. வயதானவர்கள், கைக்குழந்தை, மூச்சுத்திணறல் உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் கணக்கு மாறும். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்கிறது.

அடுத்து, ஒவ்வொரு வழியையும் இந்த ஐந்தை வைத்துப் பாருங்கள்:

- ஒரு யூனிட் சூடு (கரண்ட் யூனிட் போலத்தான்: 1,000 வாட் ஒரு மணி நேரம்) அறைக்குள் வந்து சேர என்ன செலவு (கடையில் வாங்கும் விலை அல்ல)
- எவ்வளவு நேரத்தில் சூடு தெரியும்
- ஈரத்தைக் கூட்டுமா, குறைக்குமா
- உயிருக்கு ஆபத்து உண்டா
- வீட்டை விட்டுப் போகும்போது எடுத்துப் போக முடியுமா

மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஊட்டியில் ஜூலை, ஆகஸ்ட் மழைக் குளிரைத்தான் ஜனவரியை விட மோசம் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். காரணம் ஈரம். துணி காயாது, சுவரில் கரும்பூஞ்சை, மெத்தை தொட்டால் நனைந்த மாதிரி இருக்கும். ஈரத்தைக் கூட்டும் ஹீட்டர் அந்த இரண்டு மாதமும் எதிரியாகிவிடும்.

## ஒரு அறையின் கணக்கு

16 அடிக்கு 13 அடி அறை, 12 அடி உயரம், இரண்டு பக்கம் வெளிச்சுவர், இரண்டு ஜன்னல், பலகை சீலிங். வெளியே 5 டிகிரி, உள்ளே 17 டிகிரி வேண்டும். அந்த அறையிலிருந்து சூடு எந்த வழியாக எவ்வளவு வெளியேறும் என்று, இப்போதும், இடுக்கு, சீலிங், கண்ணாடி மூன்றையும் அடைத்த பிறகும் (அதைத்தான் அடைப்பு வேலை என்கிறேன்), தோராயமாகப் போட்டால்:

| வழி | இப்போது | அடைப்பு வேலைக்குப் பிறகு |
|---|---|---|
| சீலிங் வழியாக | 530 வாட் | 145 வாட் |
| வெளிச்சுவர் வழியாக | 800 வாட் | 800 வாட் |
| கண்ணாடி வழியாக | 200 வாட் | 100 வாட் |
| இடுக்குக் காற்று வழியாக | 570 வாட் | 200 வாட் |
| தரை வழியாக | 120 வாட் | 120 வாட் |
| மொத்தம் | சுமார் 2,200 வாட் | சுமார் 1,360 வாட் |

இடது பக்கத்து மொத்தத்தைப் பாருங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண ஹீட்டர் 2,000 வாட். முழு வேகத்தில் ஓடினாலும் 17 டிகிரியைத் தொடாது. இரண்டாவது ஹீட்டர் வீட்டுக்குள் வருவது இதனால்தான். பலகை சீலிங்கும் இல்லாமல் நேராகத் தகரக் கூரை என்றால் மொத்தம் 3,000 வாட்டைத் தாண்டும்.

சுவரை மட்டும் தொடவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அது வேண்டுமென்றே. ஏன் என்று கீழே வருகிறது.

## முதல் வழி: அடைப்பு வேலை

இடுக்குகள். கதவைச் சுற்றி 3 மில்லிமீட்டர் இடைவெளி என்பது பார்வைக்கு ஒன்றுமில்லை. 7 அடிக் கதவின் நான்கு பக்கத்தையும் கூட்டினால் 14 சென்டிமீட்டருக்கு 13 சென்டிமீட்டர் ஓட்டைக்குச் சமம். அந்த அளவுக்கு ஒரு செங்கல்லைச் சுவரிலிருந்து உருவி எடுத்தால் அன்றைக்கே அடைப்போம். கதவிடுக்கை மட்டும் முப்பது வருடம் விட்டுவைக்கிறோம்.

காற்றுள்ள இரவில் ஒரு ஊதுவத்தியைக் கொளுத்தி ஜன்னல் சட்டம், கதவுக் கீழ்ப்பகுதி, சீலிங் பலகை இணைப்பு, பழைய ஒயர் நுழையும் துளை எல்லாவற்றின் அருகிலும் மெதுவாக நகர்த்துங்கள். புகை வளையும் இடத்தில் சாக்பீஸால் குறி போடுங்கள். ஜன்னலுக்கு ஒட்டும் ரப்பர் பட்டை போதும். மலிவான பஞ்சு நுரைப் பட்டை ஒரு மழைக்காலத்தில் உதிர்ந்துவிடும், ரப்பர் பட்டை பல வருடம் தாங்கும். ஒட்டும் முன் சட்டத்தில் உள்ள பழைய பெயின்ட் பொருக்கைச் சுரண்டி, ஈரம் போகத் துடைக்காவிட்டால் எந்தப் பட்டையும் ஒரு வாரம்கூட நிற்காது. கதவின் அடியில் பிரஷ் பட்டை, அல்லது மணல் நிரப்பிய நீளத் துணிப்பை. சீலிங் பலகை இடுக்குக்கு அக்ரிலிக் சீலன்ட்.

அடைக்கக் கூடாத இடங்கள் மூன்று. மரத்தரை வீடுகளில் தரைக்கு அடியில் வெளிச்சுவரில் இருக்கும் சிறு காற்றுத் துளைகள்: அவற்றை மூடினால் இரண்டு மூன்று மழைக்காலத்தில் உத்தரம் உளுத்துவிடும். சமையலறை, குளியலறைக் காற்று வழி. அப்புறம், விறகோ கேஸோ எரியும் அறையின் காற்று வழி.

சீலிங். செலவழிக்கும் ரூபாய்க்கு அதிகப் பலன் இங்கேதான். பலகை சீலிங்குக்கும் ஓட்டுக்கும் நடுவில் ஆள் தவழ்ந்து போக இடம் இருந்தால் 50 மில்லிமீட்டர் கண்ணாடிப் பஞ்சோ (கிளாஸ் வூல்) பாறைப் பஞ்சோ (ராக் வூல்) விரிக்கலாம். மேலே சொன்ன அறைக்கு 20 சதுர மீட்டர் வேண்டும், உத்தரங்களுக்கு இடையே வெட்டும் சேதாரத்துக்குப் பத்து சதவீதம் கூட வாங்குங்கள். அலுமினியத் தாள் ஒட்டிய பக்கம் கீழே, அதாவது சூடான அறையைப் பார்த்து இருக்க வேண்டும். தலைகீழாக விரித்தால் அறையின் ஈரக்காற்று பஞ்சுக்குள் ஏறி, குளிர்ந்த மேல்தாளில் பட்டு நீராகி, பஞ்சு நனைந்து தொங்கும். நனைந்த பஞ்சு சூட்டைத் தடுக்காது.

வரிசை முக்கியம். முதலில் உடைந்த ஓட்டை மாற்றி ஒழுகலை நிறுத்த வேண்டும், பிறகு ஒயரிங் பார்க்க வேண்டும், அதற்குப் பிறகே பஞ்சு. பழைய துணி சுற்றிய ஒயரின் மேல் பஞ்சைப் போட்டால் ஒயரின் சூடு வெளியேற வழியில்லாமல் உருகும். சிம்னியைச் சுற்றி அரையடி இடைவெளி விட்டு, அதன் பக்கத்தில் பாறைப் பஞ்சு மட்டும் வையுங்கள், தெர்மோகோல் வேண்டவே வேண்டாம். ஓட்டின் விளிம்பில் காற்று புகும் இடத்தை அடைக்கவும் கூடாது. எலிக்கு இந்தப் பஞ்சு சொகுசு மெத்தை என்பதால் விளிம்பில் கம்பி வலை அடியுங்கள். குன்னூர்ப் பக்கம் ஓட்டைக் கழற்றிப் போடும் குரங்குகளுக்கு இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை, மழைக்கு முன் ஒருமுறை கூரை ஏறிப் பார்ப்பதைத் தவிர.

மேலே போக இடமே இல்லையென்றால், 9 அடி உயரத்தில் ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் போட்டு அதன் மேல் பஞ்சு. அறையின் காற்றளவும் கால் பங்கு குறையும். பழைய பலகையின் அழகு மறைவதுதான் நட்டம்.

கண்ணாடி. சட்டத்துக்கு உட்பக்கம் ஓரிரு அங்குலம் தள்ளி அக்ரிலிக் ஷீட்டைக் காந்தப் பட்டையால் மாட்டினால் இரட்டைக் கண்ணாடிக்குக் கிட்டத்தட்ட வந்துவிடலாம். பணமில்லையென்றால் குமிழி பிளாஸ்டிக் தாளைத் தண்ணீர் தெளித்துக் கண்ணாடியில் ஒட்டுங்கள், பார்க்க நன்றாக இருக்காது, வேலை செய்யும். கனமான திரை தரையைத் தொட வேண்டும், மேலே சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும். காலை 10 முதல் 3 மணி வரை தெற்கு, மேற்கு ஜன்னல் திரையை முழுதாகத் திறந்து வெயிலை உள்ளே விட்டு, நான்கு மணிக்கே இழுத்து மூடுங்கள். ஊட்டி வெயில் காசில்லாத ஹீட்டர்.

சுவரை ஏன் தொடவில்லை. பழைய கல் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்திலோ மண் சாந்திலோ கட்டியவை. அவை மழையில் ஈரத்தை உறிஞ்சி வெயிலில் விட்டுவிடும். அதன் மேல் சிமென்ட் பூச்சோ "வாட்டர் புரூஃப்" பெயின்டோ அடித்தால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். ஈரச் சுவர் காய்ந்த சுவரை விட வேகமாகச் சூட்டை வெளியே கடத்தும். காசு கொடுத்துக் குளிர் வாங்கிய கதை. சுவருக்குச் செய்ய வேண்டியது மூன்றே: கூரைத் தண்ணீர் சுவரில் வழியாமல் தகரக் கால்வாயைச் சரிசெய்வது, பெயர்ந்த இடத்தைச் சுண்ணாம்பாலேயே பூசுவது, கட்டிலையும் அலமாரியையும் வெளிச்சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளிப் போடுவது. அலமாரியின் பின்னால் பூஞ்சை வருவது அந்த இடத்தில் காற்று ஓடாததால்தான்.

## இரண்டாம் வழி: விறகுக் கணப்பு

திறந்த கணப்பு பார்க்க ராஜா, கணக்கில் ஓட்டாண்டி. எரியும் விறகின் சூட்டில் பத்து, பதினைந்து சதவீதம்தான் அறைக்கு வரும், மீதி சிம்னி வழியாக வானத்துக்கு. போகிற போக்கில் அறைக் காற்றையும் இழுத்துக்கொண்டு போகும், அந்த இடத்தை நிரப்பக் குளிர்காற்று கதவிடுக்கு வழியாக வரும். கணப்பின் முன் முகம் வேகும்போது முதுகு விறைப்பது இதனால்தான்.

நன்றாகக் காய்ந்த விறகு கிலோவுக்கு 4 யூனிட் சூடு கொடுக்கும், பச்சை விறகு அதில் பாதிக்குச் சற்று மேல். கிலோ 8 ரூபாய் என்று வைத்தால் திறந்த கணப்பில் ஒரு யூனிட் சூடு 16 ரூபாய் ஆகிறது, மின்சாரத்தை விட அதிகம். அதே விறகைக் கதவு வைத்த இரும்பு அடுப்பில், ஆறு அங்குலப் புகைக்குழாயோடு எரித்தால் 65 சதவீதம் வரை அறைக்கு வரும், யூனிட் சுமார் 3 ரூபாயில் முடிந்துவிடும். பழைய கணப்புக் குழிக்குள்ளேயே அந்த அடுப்பைப் பொருத்தி, குழாயைச் சிம்னி வழியாக முழு உயரத்துக்கும் ஏற்ற வேண்டும். பாதியில் விட்டால் அகலச் சிம்னிக்குள் புகை குளிர்ந்து தாராக ஒட்டும்.

அந்தத் தார்தான் விறகின் மறைமுகச் செலவு. ஈர விறகு, குறைந்த தீ, மூடிய காற்று வழி மூன்றும் சேர்ந்தால் சிம்னி உட்சுவரில் கறுப்பாகப் படிந்து, ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும். மேலே மரக் கூரை. ஆகவே குளிர்காலத்துக்கு முன் வருடம் ஒருமுறை சிம்னி துடைக்க வேண்டும். பல வருடம் பயன்படுத்தாத சிம்னி என்றால் முதலில் பறவைக் கூடு, விரிசல், பெயர்ந்த சாந்து பார்க்க வேண்டும். நாலு தாள் செய்தித்தாளை எரித்து, மேல் சீலிங்கிலோ பக்கத்து அறையிலோ புகை கசிகிறதா என்று பாருங்கள். கசிந்தால் எரிக்கவே கூடாது. சிம்னி வாய் கூரையைத் துளைத்து வரும் இடத்திலிருந்து 3 அடியாவது, பக்கத்து முகட்டை விட 2 அடியாவது உயர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றடிக்கும் நாளில் புகை திரும்பும்.

சீகை விறகு கனமானது, நின்று எரியும். கற்பூர மரம் (யூகலிப்டஸ்) எண்ணெய்ப் பசையால் சீக்கிரம் பற்றும், பொறியும் தெறிக்கும், முன்னால் கம்பி வலைத் திரை வேண்டும். எதுவானாலும் பிளந்து, பக்கம் திறந்த கொட்டகையில், ஊட்டி ஈரத்துக்கு ஒரு வருடமாவது காய வேண்டும். இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டினால் "டங்" என்று கேட்க வேண்டும், "தொப்" என்றால் இன்னும் பச்சை. சொந்தப் பட்டா நிலத்து மரம்தானே என்று வெட்டிவிடாதீர்கள், 1955-ஆம் வருட மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் வெளியே வைத்து, முழுக்க ஆறிய பிறகே கொட்டுங்கள், உள்ளே கங்கு ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு இருக்கும்.

விறகு சரியான தேர்வு எப்போது: சொந்தத் தோட்டத்தில் கழிவு விறகு கிடைப்பவர், மழைக்காலத்தில் அடிக்கடி கரண்ட் போகும் பகுதி, மாலை முழுக்க ஒரே கூடத்தில் உட்காரும் பெரிய குடும்பம். திறந்த கணப்பே போதுமென்றால் அது விருந்தாளிகளுக்கான அலங்காரம் என்று தெரிந்தே வையுங்கள். எரியாத நாளில் சிம்னி வாயைப் பலகையால் மூடி, "திறக்காமல் பற்றவைக்காதே" என்று அதிலேயே எழுதி வையுங்கள்.

கரி அடுப்பையோ, தணல் சட்டியையோ, பார்பெக்யூ அடுப்பையோ அறைக்குள் கொண்டுபோவது ஒரு வழியே அல்ல. புகை தெரியாததால் பாதுகாப்பு என்று நினைத்து, கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்தி நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் திரும்பத் திரும்ப வருகிறது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது.

## மூன்றாம் வழி: மின் ஹீட்டர்

ஆயில் ஹீட்டர், ஃபேன் ஹீட்டர், ஹாலோஜன். இவற்றில் எது கரண்டை மிச்சப்படுத்தும் என்று கேட்டால் எதுவும் இல்லை. மூன்றும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் சூடுதான் தரும். வித்தியாசம் அந்தச் சூடு எங்கே போகிறது என்பதில்.

ஹாலோஜன் காற்றைச் சூடாக்காமல் எதிரில் உள்ள உடம்பைச் சுட வைக்கிறது. 800 வாட்டில் மேசைக்கு அருகே உட்கார்ந்து படிப்பவருக்கும், குளியலறைக்கு வெளியே உடை மாற்ற ஐந்து நிமிடத்துக்கும் இதை விட மலிவான வழியில்லை. 12 அடி உயர அறையில் ஃபேன் ஹீட்டர் ஊதும் சூடான காற்று நேராக சீலிங்குக்குப் போய்ப் பல்லிக்குக் கதகதப்பு தரும். 9 அடி சீலிங், சின்ன அறை என்றால் சரி. ஆயில் ஹீட்டர் சூடேற இருபது நிமிடம், அறை தெரிய ஒரு மணி நேரம் ஆகும். சத்தமில்லை, குறித்த சூடு வந்ததும் தானாக நிறுத்தும் தெர்மோஸ்டாட் உண்டு, படுக்கையறைக்கு உகந்தது. வாங்கும்போது துடுப்பு எண்ணிக்கையை விடத் தெர்மோஸ்டாட்டும், கவிழ்ந்தால் அணையும் சுவிட்சும் இருக்கிறதா என்று பாருங்கள்.

மறைமுகச் செலவு ஒயரிங். 2,000 வாட் என்பது கிட்டத்தட்ட 9 ஆம்பியர். பழைய வீட்டின் 5 ஆம்பியர் பிளக்கில் மாற்றுப் பின் போட்டு மாட்டினால், முதல் நாள் பிளக் சூடாகும், பத்தாவது நாள் பிளாஸ்டிக் மணம் வரும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஹீட்டர் மாட்டவே கூடாது. 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயரில் தனி 15 ஆம்பியர் பவர் பாயின்ட், எர்த், மெயினில் கசிவு மின் தடுப்பான். இந்த வேலைக்கு ஆகும் செலவையும் ஹீட்டர் விலையோடு சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

இன்னொன்று, மலையில் மாலை நேரத்து வோல்டேஜ். 230 வோல்ட்டுக்குப் பதில் 180 வந்தால் 2,000 வாட் ஹீட்டர் 1,225 வாட்தான் கொடுக்கும். ஹீட்டர் பழுது என்று கடைக்குத் தூக்கிப் போகும் முன் மீட்டரில் வோல்டேஜைப் பாருங்கள்.

பில்? ஏற்கனவே இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடும் வீட்டில் தினம் ஐந்து மணி நேரம் 2 கிலோவாட் ஓட்டினால் கூடுதலாக 600 யூனிட். 2024 ஜூலையில் வந்த வீட்டுக் கட்டணப்படி, சுமார் 1,200 ரூபாயாக இருந்த பில் 7,000 ரூபாயாகும். கூடுதல் யூனிட் ஒவ்வொன்றும் சராசரியாக 9 ரூபாய் 70 காசு விழுகிறது. காரணம், 500 யூனிட்டைத் தாண்டியதும் கீழ் அடுக்கின் மானிய விலை போய்விடும், மேல் அடுக்குகளின் விலை படிப்படியாக ஏறும். அடைப்பு வேலை முடிந்த அறையில் அதே ஐந்து மணி நேரத்துக்குத் தெர்மோஸ்டாட் வழியாக 410 யூனிட்டில் முடியும். ஒரு பில்லில் சுமார் 2,000 ரூபாய் மிச்சம்.

## நான்காம் வழி: கேஸ் ஹீட்டர்

14.2 கிலோ சிலிண்டரில் சுமார் 180 யூனிட் சூடு இருக்கிறது. சிலிண்டர் 900 ரூபாய் என்றால் யூனிட் 5 ரூபாய், மின்சாரத்தில் பாதி. கணக்கு இனிக்கிறது, ஆனால் இந்தப் பட்டியலில் கடைசியாகத்தான் இதைப் பரிந்துரைக்க முடியும்.

சக்கரம் வைத்த கேஸ் ஹீட்டருக்குப் புகைக்குழாய் கிடையாது. எரிந்தது எல்லாம் அறைக்குள்ளேயே. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி வரும். முழு வேகத்தில் மணிக்கு 300 கிராம் எரிந்தால், மணிக்கு அரை லிட்டர் தண்ணீரைக் குளிர்ந்த கல் சுவரில் தெளிப்பதற்குச் சமம். ஏற்கனவே ஈரமான வீட்டில் பூஞ்சைக்கு இது விருந்து.

உயரம் இன்னொரு சிக்கல். ஊட்டியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான். ஆக்சிஜன் குறைந்தால் தானாக அணையும் உணரி பொருத்திய ஹீட்டர்கள் சமவெளியை மனதில் வைத்துச் செய்தவை. இந்த உயரத்தில் அவை காரணமில்லாமல் அணையும். எரிச்சலில் சிலர் உணரியையே கழற்றிவிடச் சொல்கிறார்கள். அப்படிக் கழற்றிய ஹீட்டர் கரி அடுப்புக்குச் சமம். கடும் குளிரில் சிலிண்டர் அழுத்தம் விழுந்து தீ சுருங்குவதும் உண்டு, அதற்காகச் சிலிண்டரை வெந்நீரில் வைப்பது தற்கொலை.

திறந்த வராந்தா, காற்றோட்டமுள்ள பெரிய கூடம், கரண்ட் இல்லாத இரவில் விழித்திருக்கும் நேரம். இவற்றுக்கு மட்டும். படுக்கையறைக்குள் ஒருபோதும் வேண்டாம்.

## ஐந்தாம் வழி: ஹாட் அண்ட் கோல்ட் ஏ.சி.

ஊட்டியில் ஏ.சி.யா என்று சிரிப்பார்கள். ஆனால் சூடு உற்பத்தி செய்யாமல் வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை உள்ளே இறைப்பதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டரை முதல் மூன்று யூனிட் சூடு தரும். பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும் இடங்களில் இது திணறும், 5 முதல் 12 டிகிரி வரையான ஊட்டி மாலைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. அடைப்பு வேலை முடிந்த அதே அறைக்கு 410 யூனிட்டுக்குப் பதில் 140 முதல் 165 யூனிட். மேலே சொன்ன பில்லில் கூடுவது 1,200 முதல் 1,450 ரூபாய்தான், ஆயில் ஹீட்டருக்குக் கூடியது சுமார் 3,800.

முதலீடு, ஸ்டெபிலைசர், பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்து 50,000 ரூபாயைத் தாண்டும். இன்வெர்ட்டர் மாடலாக இருக்க வேண்டும், "கூலிங் மட்டும்" மாடலை இங்கே தள்ளிவிடும் கடைகள் உண்டு, ரிமோட்டில் சூரியப் படம் இருக்கிறதா என்று பாருங்கள். பனிமூட்ட இரவில் வெளி யூனிட்டின் சுருளில் பனி கட்டும், அதை உருக்க ஏ.சி. சில நிமிடம் சூட்டை நிறுத்தும். பழுது அல்ல. வெளி யூனிட்டைத் தரையிலிருந்து ஓரடி உயர்த்தி, வடியும் தண்ணீர் சுவரை நனைக்காத இடத்தில் வையுங்கள். உள் யூனிட்டை 12 அடி உயரத்தில் மாட்டினால் சூடு அங்கேயே தங்கும், 7 அடிக்கு மேல் போக வேண்டாம், தடுப்பை நேர் கீழ்நோக்கித் திருப்பி வையுங்கள். மழைக்காலத்தில் இதையே ஈரம் உறிஞ்சும் நிலையில் ஓட்டலாம், வேறு எந்த மின் ஹீட்டருக்கும் இல்லாத லாபம் இது. சர்வீஸுக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஆள் வரவேண்டுமா, ஊரிலேயே இருக்கிறாரா என்று வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

தினமும் நான்கு மணி நேரத்துக்கு மேல் சூடு தேவைப்படும் சொந்த வீட்டுக்காரருக்கு இதுதான் மலிவு. வருடத்தில் இருபது நாள் வந்து தங்குபவருக்கு வீண்.

## ஆறாம் வழி: அறையை விட்டு ஆளைச் சூடாக்குவது

மின் போர்வை 60 முதல் 150 வாட். இரவு முழுக்க ஓடினாலும் ஒரு யூனிட் சுற்றித்தான், படுக்கும் முன் அரை மணி நேரம் போட்டு அணைத்தால் அதுவும் இல்லை. விலை 1,500 முதல் 2,500 ரூபாய். மெத்தையின் மேல், விரிப்பின் கீழ், மடிப்பில்லாமல் விரிக்க வேண்டும், மடித்த இடத்தில்தான் கம்பி அறுந்து பொறி கிளம்பும். கைக்குழந்தைக்கும், சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவருக்கும் வேண்டாம். சூடு உறைக்காமலே தோல் வெந்துவிடும்.

வெந்நீர்ப் பைக்கும் அதே எச்சரிக்கை. ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளாகவே கொதித்துவிடும், அதற்காக அப்படியே பையில் ஊற்றலாம் என்று அர்த்தமில்லை. சற்று ஆறவிட்டு, மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, காற்றை வெளியேற்றி மூடி, உறைக்குள் போடுங்கள். தரையில் கனமான ஜமுக்காளம், காலுக்குக் கம்பளிச் சாக்ஸ். சொன்னால் சிரிப்பாக இருக்கும், ஆனால் சிமென்ட் தரையில் வெறுங்காலோடு நிற்பவருக்கு 20 டிகிரி அறையும் குளிரும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | ஒரு யூனிட் சூட்டின் செலவு | சூடு தெரியும் நேரம் | ஈரம் | எடுத்துப் போகலாமா |
|---|---|---|---|---|
| திறந்த கணப்பு | ரூ. 16 | அரை மணி | குறைக்கும் | முடியாது |
| இரும்பு விறகு அடுப்பு | ரூ. 3 | அரை மணி | குறைக்கும் | சிரமப்பட்டு |
| ஆயில் ஹீட்டர் | ரூ. 9–10 | ஒரு மணி | மாற்றமில்லை | ஆம் |
| ஹாலோஜன் | ரூ. 9–10 | உடனே | மாற்றமில்லை | ஆம் |
| கேஸ் ஹீட்டர் | ரூ. 5 | கால் மணி | மிகவும் கூட்டும் | ஆம் |
| ஹாட் அண்ட் கோல்ட் ஏ.சி. | ரூ. 3–4 | கால் மணி | குறைக்கலாம் | கழற்றும் கூலியோடு |
| மின் போர்வை | இரவுக்கு ரூ. 10-க்குள் | பத்து நிமிடம் | மெத்தை ஈரம் போகும் | ஆம் |

அடைப்பு வேலை பட்டியலில் இல்லை, ஏனென்றால் அது சூடு தருவதில்லை. மேலே உள்ள ஏழில் எதை வாங்கினாலும் அதன் செலவைக் கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் குறைக்கும்.

## யாருக்கு எது

வாடகை வீடு, ஓரிரு வருடம்: ரப்பர் பட்டை, குமிழித் தாள், கனத் திரை, மின் போர்வை, ஒரு ஹாலோஜன். ஆயில் ஹீட்டர் வாங்கும் முன் வீட்டுக்காரரிடம் பவர் பாயின்ட் போட்டுத் தரச் சொல்லுங்கள், மறுத்தால் ஆயில் ஹீட்டர் எண்ணத்தையும் விட்டுவிடுங்கள்.

சொந்த வீடு, வருடம் முழுக்கக் குடியிருப்பு: முதல் வருடம் கூரை, சீலிங், இடுக்கு. அந்தக் குளிர்காலத்தைப் பழைய ஹீட்டரோடு ஓட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த வருடம் ஏ.சி.யா இரும்பு அடுப்பா என்று முடிவு செய்யுங்கள். முதலிலேயே வாங்கினால் தேவைக்கு மேல் பெரிய கருவியை வாங்குவீர்கள்.

வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடு: எரியும் எதுவும் வேண்டாம். ஒரே ஒரு படுக்கையறையைத் தேர்ந்து அதை முழுமையாக அடைத்து, 18 டிகிரிக்குக் கீழே இறங்காமல் ஆயில் ஹீட்டரைத் தெர்மோஸ்டாட்டில் இரவு முழுக்க விடுங்கள், பகலில் அவர்கள் உட்காரும் நேரத்துக்கும் அதே 18 இருக்கட்டும். அறையில் முந்நூறு ரூபாய் வெப்பமானி ஒன்று மாட்டுங்கள். "குளிரே இல்லை" என்பார்கள், முதுமையில் உடம்புக்குக் குளிர் சரியாகத் தெரியாது.

விடுமுறைக்கு மட்டும் திறக்கும் பங்களா: பூட்டிக் கிடந்த கல் சுவர் சூடேற ஒரு முழு நாள் ஆகும். எந்த ஹீட்டரும் முதல் இரவைக் காப்பாற்றாது. மின் போர்வையும் ஹாலோஜனும்தான். முடிந்தால் தோட்டக்காரரை முந்தைய நாளே ஜன்னல் திரைகளைத் திறந்து வெயில் விடச் சொல்லுங்கள்.

விறகோ கேஸோ எரியும் எந்த வீடானாலும்: கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று, தூங்கும் அறையில், தலைமாட்டு உயரத்தில். மாதம் ஒருமுறை பட்டனை அழுத்திச் சோதியுங்கள். அலாரம் அடித்தால் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும், அணைக்கும் வேலையெல்லாம் அதற்குப் பிறகு.

கூரை ஏறும் வேலைக்குப் பிப்ரவரி, மார்ச் தான் காலம். ஏப்ரலில் சீசன் தொடங்கிவிட்டால் கொத்தனாரும் தச்சரும் காட்டேஜ் வேலைகளுக்குப் போய்விடுவார்கள், ஜூனில் மழை பிடித்துவிடும். டிசம்பரில் குளிர்கிறது என்று கூப்பிட்டால் ஈரமான பலகை மேல் பஞ்சு விரித்துவிட்டுப் போவார்கள்.